பறக்கவிட மறுத்த மத்தியானம்

என்னை எதற்காக ட்ரோன் பிரிவிலிருந்து தூக்கினார்கள் என்று உங்களில் சிலர் கேள்விப்பட்டிருப்பீர்கள். தீ எரிந்துகொண்டிருக்கும்போது பேட்டரிகளை எடுத்துக்கொண்டு ஓடிவிட்டேன் என்று ஒரு கதை இன்னும் உலவுகிறதாம். ஓடவில்லை. நடந்துதான் போனேன். அதுவும் எல்லாரும் பார்க்கத்தான் போனேன்.

புதிதாக இந்தத் தொழிலுக்கு வந்திருக்கும் உங்களிடம் பேசச் சொல்லி அழைத்தபோது, எப்படி ஏற்றுவது, எப்படி இறக்குவது என்றெல்லாம் நான் சொல்லப்போவதில்லை என்று முதலிலேயே சொல்லிவிட்டேன். அதையெல்லாம் உங்கள் பயிற்சியில் சொல்லித் தருவார்கள், என்னைவிட நன்றாகவே சொல்லித் தருவார்கள். எப்போது ஏற்றக் கூடாது என்பதை மட்டும் சொல்கிறேன். அதைச் சொல்ல எனக்கு உரிமை இருக்கிறது. அதற்கு விலையாக நான் கொடுத்தது என் ட்ரோன் வேலை.

நான் வேலை செய்த நிறுவனத்தின் பெயர் வேண்டாம். மூடிய ரப்பர் தோட்டங்களை வாங்கிப்போடும் முதலாளிகளுக்காக, வீடுகள் கட்டும் வரைக்கும் அந்த நிலங்களைப் பார்த்துக்கொள்வதுதான் அதன் தொழில். லாலாங் புல் எவ்வளவு வளர்ந்திருக்கிறது, யார் குப்பை கொட்டுகிறார்கள், எல்லைக் கல் இருக்கிறதா என்று நாங்கள் மேலிருந்து பார்ப்போம். வெயில் காலத்தில் தீக்காவல். ரப்பர் மரம் இலை உதிர்க்கிற சமயமும் அதுதான். பால் வெட்டாமல் விட்ட மரங்களுக்கு அடியில் முழங்கால் அளவுக்குச் சருகு, அதைச் சுற்றி ஆள் உயரத்துக்குக் காய்ந்த லாலாங். யாரோ குப்பைக்கு வைத்த நெருப்பு போதும்.

அன்றைக்குத் தீ பற்றியது ஈப்போவுக்குப் பக்கத்தில், செமோருக்கு அந்தப் பக்கம், சுண்ணாம்புக் குன்றின் அடிவாரத்தில் இருந்த ஒரு பழைய தோட்டத்தில். ஒரு பக்கம் குன்று. எதிர்ப்பக்கம் தாமான், அதாவது புதிதாகக் கட்டிய வரிசை வீடுகள். நடுவில் எங்கள் பொறுப்பில் இருந்த நிலம். காலையில் தீயணைப்புக்காரர்கள் வந்ததும் நான் ட்ரோனை ஏற்றித் தீ எந்தப் பக்கம் ஓடுகிறது என்று காட்டிக்கொண்டிருந்தேன். என்னோடு சரவணன் இருந்தார். முப்பது வயதைத் தாண்டியவர், இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன், வேலை நிரந்தரமாகி அதிக நாள் ஆகவில்லை. நான் திரையைப் பார்க்கும்போது அவர் வானத்தைப் பார்ப்பார். அதுதான் எங்கள் ஏற்பாடு.

மத்தியானம் காற்று திரும்பித் தீ தாமான் பக்கம் ஓட ஆரம்பித்தது. ஹெலிகாப்டரை அழைத்தார்கள். அது வருகிறது என்று சொன்ன உடனே நான் ட்ரோனை இறக்கிவிட்டேன். யாரும் சொல்ல வேண்டியதில்லை. அது வந்தால் நாங்கள் கீழே. பெரிய ரோட்டுக்குப் பக்கத்தில், ஒரு காலத்தில் ஈயம் தோண்டிய பழைய குட்டையில் தொட்டியை முக்கி, தண்ணீரைக் கொண்டுவந்து வீடுகளுக்கு முன்னால் கொட்டிக்கொண்டிருந்தது ஹெலிகாப்டர்.

அப்போதுதான் பாக்கியம் அக்கா மோட்டார் சைக்கிளில் வந்து சேர்ந்தார். எனக்கு அவரைத் தெரியும். அவரும் கணவர் காளிமுத்துவும் அந்தத் தோட்டத்திலேயே பிறந்தவர்கள். தோட்டம் மூடி, தொழிலாளர்கள் குடியிருந்த லயன் வீடுகளை இடித்த பிறகும், உள்ளே ஒரு மாட்டுக் கொட்டாய் போட்டுப் பால் விற்றுப் பிழைத்துக்கொண்டிருந்தார்கள். காலி செய்யச் சொல்லி நிறுவனம் பலமுறை நெருக்கியிருந்தது. அந்தக் கொட்டாயை மேலிருந்து எத்தனையோ தடவை படம் பிடித்துக் கொடுத்திருக்கிறேன். முதலாளிக்குப் போகிற படங்களில் அது மட்டும் இருக்காது. நிலம் காலியாக இருக்கிறது என்றுதான் அவரிடம் சொல்லி வைத்திருந்தார்கள்.

"மாட்ட அவுத்து விட்டுட்டு வாரேன்னு போனாரு தங்கச்சி," என்றார் பாக்கியம் அக்கா. "போன் அடிச்சா எடுக்க மாட்டேங்கிறாரு."

அவர் காட்டிய பக்கம் முழுக்கப் புகை.

எங்கள் மேனேஜர் சேகர் அங்கேதான் நின்றிருந்தார். இதைக் கேட்டதும் அவர் முகம் வெளுத்துவிட்டது. கெட்ட மனிதர் இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். என்னைத் தனியாக வண்டிக்குப் பின்னால் அழைத்துக்கொண்டு போனார்.

"அக்கா, இத ஏத்துங்க. மரத்துக்குக் கீழயே ஓட்டுங்க. அவரு எங்க இருக்காருன்னு பாத்துட்டு எறக்கிரலாம். ஹெலிகாப்டர்காரங்களுக்குத் தெரியவே தெரியாதுலா."

"தெரியாதுங்கிறதுதான் சார் பிரச்சன," என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்பதற்கு ஒரு காரணம் உண்டு. சில வருஷங்களுக்கு முன்னால் ஒரு கூட்டுப் பயிற்சியில், ஒரு விமானி தன் ஹெலிகாப்டரில் என்னை உட்கார வைத்தார். அவர் பெயரைக்கூட நான் கேட்டுக்கொள்ளவில்லை. எதிரே ஒரு ட்ரோன் பறக்கிறது, கண்டுபிடி பார்ப்போம் என்றார். நல்ல வெளிச்சம், புகை கிடையாது, ஹெலிகாப்டரும் தரையில்தான் நின்றது. நான் தேடித் தேடிப் பார்த்தேன். கிட்டத்தட்ட கண்ணாடிக்கு முன்னால் வந்த பிறகுதான் அது என் கண்ணில் பட்டது. அவர் சிரிக்கவில்லை. வெளியே கூட்டிக்கொண்டு போய்ப் பின்னால் இருக்கும் சின்ன விசிறியைத் தொட்டுக் காட்டினார். உன் ட்ரோன் இதில் பட்டால் எனக்கும் என் ஆட்களுக்கும் வீடு திரும்ப வழி கிடையாது என்று மலாயில் சொல்லிவிட்டுச் சாப்பிடப் போய்விட்டார். அவ்வளவுதான் அவர் எனக்குச் சொல்லிக் கொடுத்தது.

மரத்துக்குக் கீழே ஓட்டினால் ஆபத்தில்லை என்று சேகர் நினைத்தார். நீங்களும் ஒரு நாள் அப்படி நினைப்பீர்கள். மரங்களுக்கு நடுவில் சிக்னல் அறுந்தால் ட்ரோன் என்ன செய்யும்? நாம் சொல்லி வைத்த உயரத்துக்குத் தானாக ஏறி, கிளம்பின இடத்துக்குத் திரும்பி வரும். அதற்கு ஹெலிகாப்டர் தெரியாது. தண்ணீர் கொட்டுவதற்காகத் தாழ இறங்கும் ஹெலிகாப்டரும், தானாக மேலே ஏறும் ட்ரோனும் புகைக்குள் ஒரே இடத்துக்கு வந்தால், உள்ளே இருக்கும் காளிமுத்து அண்ணனோடு சேர்த்து இன்னும் எத்தனை பேரைத் தேட வேண்டியிருக்கும்?

மாட்டேன் என்றேன். சேகர் என்னை விட்டுவிட்டு, "சரவணா, நீ ஏத்து," என்றார்.

சரவணன் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை நான் மறக்கவில்லை. மறுத்தால் வேலைக்கு ஆபத்து, ஏற்றினால் உயிர்களுக்கு ஆபத்து. அந்தத் தேர்வை அவர் தலையில் கட்டுவது நியாயமில்லை என்று எனக்குப் பட்டது. குனிந்து ட்ரோனிலிருந்து பேட்டரியைக் கழற்றினேன். பெட்டியில் இருந்த மற்றப் பேட்டரிகளையும் எடுத்து என் தோள் பையில் போட்டுக்கொண்டேன். இனி யார் கட்டளை போட்டாலும் அது பறக்காது.

இதையெல்லாம் பாக்கியம் அக்கா பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குப் புரிந்தது ஒன்றுதான். தன் கணவரைத் தேடக்கூடிய சாமான் அங்கே இருக்கிறது, நான் அதை முடக்குகிறேன்.

"ஏன் தங்கச்சி ஏத்த மாட்டேங்கிற?" என்றார். "நீயும் தோட்டத்துல பொறந்தவதானே?"

அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "என்னோட வாங்க அக்கா," என்று தீயணைப்பு அதிகாரியின் வண்டியைப் பார்த்து நடந்தேன். அதைத்தான் ஓடினேன் என்கிறார்கள்.

சேகர் பின்னாலேயே வந்தார். வழியை மறித்து, குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்.

"அக்கா, உள்ள ஆள் யாரும் இல்லன்னு நான் காலையிலயே அந்தத் தீயணைப்பு ஆபீசர்கிட்ட சொல்லிட்டேன்."

அதுதான் விஷயம். ஹெலிகாப்டர்காரருக்குத் தெரியாமல் ஏற்ற வேண்டும் என்று அவர் அவசரப்பட்டதற்கு அதுதான் காரணம். அதிகாரியிடம் கேட்டு ஹெலிகாப்டரை நிறுத்த வேண்டுமென்றால், உள்ளே ஆள் இருக்கிறார் என்று சொல்ல வேண்டும். சொன்னால், நிலம் காலி என்று முதலாளி வரைக்கும் சொன்ன பொய் வெளியே வரும்.

"அப்ப இருக்காருன்னு இப்ப சொல்லுவோம் சார்," என்றேன். வழியை விட்டார்.

பொறுப்பில் இருந்தவர் ஒரு மலாய் அதிகாரி. நான் மலாயில் சுருக்கமாகச் சொன்னேன்: உள்ளே ஒருவர் இருக்கிறார், இவர் அவருடைய மனைவி, கொட்டாய் இருக்கும் இடம் எனக்குத் தெரியும். அதிகாரி ஒரே ஒரு தடவை சேகரைத் திரும்பிப் பார்த்தார். அதற்கு மேல் அதற்கு நேரம் செலவழிக்கவில்லை. உனக்கு என்ன வேண்டும் என்று என்னைக் கேட்டார்.

ஹெலிகாப்டர் இந்த இடத்தை விட்டுப் போக வேண்டும் என்றேன். போய்விட்டேன் என்று விமானியே ரேடியோவில் சொல்ல வேண்டும், அதை நான் என் காதால் கேட்க வேண்டும், வானத்தைச் சரவணன் தன் கண்ணால் பார்க்க வேண்டும். அதற்குப் பிறகு ஒரு பேட்டரி தீரும் வரைக்கும் வானத்தை எனக்குக் கொடுங்கள் என்றேன்.

அவர் தாமான் பக்கம் பார்த்தார். தீக்கும் அந்த வீடுகளுக்கும் நடுவில் நின்றது ஹெலிகாப்டர் கொட்டும் தண்ணீர் மட்டும்தான். உயரத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு இரண்டையும் ஒரே சமயத்தில் ஓட்ட முடியாதா என்று கேட்டார். நல்ல அதிகாரிதான், அவருக்கே அந்த ஆசை வந்தது. முடியாது என்றேன். ஒன்றை நிறுத்தினால்தான் இன்னொன்று. எதை நிறுத்துவது என்பது உங்கள் முடிவு, நான் தலையிட மாட்டேன், ஆனால் இரண்டையும் சேர்த்துத் தர மாட்டேன் என்றேன். தோளில் பேட்டரிப் பை தொங்க, ஒரு தோட்டத்து நிலக் கம்பெனி ஊழியை அவரிடம் இப்படிப் பேசியது அங்கிருந்த பலருக்குப் பிடிக்கவில்லை. பிடிக்க வேண்டும் என்று நான் பேசவில்லை.

அவர் ரேடியோவை எடுத்தார். இருந்த தீயணைப்பு வண்டிகளையெல்லாம் தாமானின் பின் சந்துக்குப் போகச் சொன்னார், வீடுகளில் இருந்தவர்களை வெளியேற்றச் சொன்னார், பிறகு விமானியைக் கூப்பிட்டார். விமானி ஏன் என்று கேட்கவில்லை. குன்றுக்கு அந்தப் பக்கம் போய் நிற்கிறேன், நீங்கள் சொல்லும் வரைக்கும் வர மாட்டேன் என்றது அவர் குரல். "போய்ட்டாரு அக்கா, வானம் காலி," என்றார் சரவணன். நான் பேட்டரியைப் போட்டேன்.

வெப்பக் கேமராவில் எல்லாமே வெள்ளையாகத் தெரிந்தது. தரை வெள்ளை, மரத்தடி வெள்ளை. கொட்டாய் இருந்த இடத்தில் கொட்டாய் இல்லை. எனக்குப் பின்னால் நின்றிருந்த பாக்கியம் அக்கா மூச்சை இழுத்துப் பிடித்தது கேட்டது. கொட்டாய்க்குக் கீழே பள்ளத்தில் ஒரு சின்னக் குட்டை உண்டு, மாடுகள் தண்ணீர் குடிக்கிற இடம். அங்கே கொண்டுபோனேன். கறுப்பாகத் தெரிந்த தண்ணீரில் வெள்ளைப் புள்ளிகள் நெருக்கமாக நின்றன. மாடுகளின் தலைகள். மனிதன் மாதிரி எதுவும் இல்லை. சாதாரணக் கேமராவுக்கு மாற்றிவிட்டுக் காத்திருந்தேன். புகை ஒரு கணம் விலகியது. மாடுகளுக்கு நடுவில், தலையில் ஈரத்துண்டைப் போர்த்திக்கொண்டு, கழுத்தளவுத் தண்ணீரில் ஒரு ஆள். துண்டு நனைந்திருந்ததால் வெப்பக் கேமராவுக்கு அவர் தெரியவே இல்லை. சத்தம் கேட்டதோ என்னவோ, கையைத் தூக்கினார்.

"அவருதான்," என்றார் பாக்கியம் அக்கா. அழவில்லை. அந்த ஒரு சொல்தான்.

தீயணைப்பு வீரர்கள் பழைய தோட்டத்து ஆஸ்பத்திரி ரோடு வழியாக உள்ளே நுழைந்தார்கள். எங்கே தீ தணிந்திருக்கிறது, எங்கே திரும்ப வேண்டும் என்று மேலிருந்து பார்த்து நான் சொல்ல, அதிகாரி ரேடியோவில் சொல்லிக்கொண்டே வந்தார். பாதிவழியில் ஒரு பெரிய ரப்பர் மரம் எரிந்து ரோட்டின் குறுக்கே விழுந்திருந்தது. அதை அறுக்கத் தொடங்கினார்கள்.

அந்த நேரம் பார்த்துக் காற்று வேகம் பிடித்தது. தாமானின் முதல் வரிசையில் பின்பக்கக் கூரைகள் உருகுகின்றன என்று ரேடியோவில் கத்தினார்கள். குட்டைப் பக்கமும் லாலாங் பற்றிக்கொண்டு நகர ஆரம்பித்ததைத் திரையில் நானே பார்த்தேன். அதிகாரி என்னிடம் வந்து, எனக்கு ஹெலிகாப்டர் வேண்டும் என்றார்.

ஏற்ற மறுத்தது எனக்குக் கஷ்டமாக இல்லை. இதுதான் கஷ்டம். அந்த மனிதர் திரையில் என் கண் முன்னால் நிற்கிறார். வீரர்கள் இன்னும் அவரிடம் போய்ச் சேரவில்லை. பேட்டரியிலும் மிச்சம் இருக்கிறது.

பாக்கியம் அக்கா என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். "எறக்காத," என்றார். "எறக்குனா அவரு எங்க இருக்காருன்னு எப்படித் தெரியும்?" பக்கத்தில் நின்ற சேகரும், ஒரு ஓரமாக நிறுத்தி வைத்துக்கொள்ளலாமே அக்கா, ஹெலிகாப்டர் மறுபக்கம்தானே போகப்போகிறது என்றார். இந்தத் தடவை அவர் நிறுவனத்துக்காகப் பேசவில்லை. உண்மையிலேயே அந்த மனிதருக்காகப் பேசினார்.

ட்ரோனை இறக்கினேன். பாக்கியம் அக்காவின் விரல்கள் என் கையில் பதிந்திருக்கும்போதே இறக்கினேன். குட்டை எந்த இடத்தில், கொட்டாயிலிருந்து எந்தப் பக்கம், தீ அதற்கு எவ்வளவு நெருங்கிவிட்டது என்று அதிகாரியிடம் சொல்லி, அதை விமானியிடம் அப்படியே சொல்லச் சொன்னேன். ட்ரோன் தரையில் இருக்கிறது, பேட்டரி கழற்றியாயிற்று என்று ரேடியோவில் நானே சொன்னேன். பிறகு திரையில் ஒன்றும் இல்லை. பாக்கியம் அக்கா என் கையை விட்டார். என்னை விட்டுத் தள்ளிப்போய் நின்றார்.

ஹெலிகாப்டர் குன்றைச் சுற்றி வந்தது. முதல் தொட்டித் தண்ணீரை வீடுகளுக்குக் கொட்டவில்லை. குட்டைக்கும் தீக்கும் நடுவில் கொட்டியது. இரண்டாவதும் அங்கேயே. பிறகுதான் வீடுகளின் பக்கம் போனது. மரத்தை அறுத்து முடித்த வீரர்கள் அந்த ஈரத்தின் வழியாகவே குட்டைக்குப் போனார்கள்.

காளிமுத்து அண்ணன் நடந்து வந்தார். இரண்டு பக்கமும் வீரர்கள் தாங்கிக்கொண்டு வந்தார்கள், ஆனால் நடந்துதான் வந்தார். கையில் பிடித்திருந்த கயிற்றை விடச் சொல்லியும் விடவில்லை, அதன் முனையில் ஒரு பசு இருமிக்கொண்டே வந்தது. புகை நெஞ்சில் ஏறியதால் ஈப்போவில் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள், சில நாளில் வீட்டுக்கு அனுப்பினார்கள். மாடுகளில் பாதிக்கு மேல் பிழைத்தன. தாமானில் யாருக்கும் காயம் இல்லை. ஆனால் சில வீடுகளின் பின்கட்டுச் சமையலறை போய்விட்டது.

அந்தச் சமையலறைகளுக்கு நான்தான் காரணம் என்று பிறகு சொன்னார்கள். சரிதான். ஹெலிகாப்டரை நிறுத்தச் சொல்லிக் கேட்டது நான்தான். அந்த வீட்டுக்காரர்களிடம் அதையே சொன்னேன். ஒருவர் கத்தினார், நின்று கேட்டுக்கொண்டேன். ஆனால் கேட்டது தப்பு என்று மட்டும் நான் சொல்லவில்லை, இன்றைக்கும் சொல்ல மாட்டேன்.

நிறுவனத்தில் விசாரணை என்று கூப்பிட்டார்கள். உள்ளே ஆள் இருந்ததைப் பற்றி ஒரு கேள்வி இல்லை. கம்பெனி சாமானை அனுமதி இல்லாமல் எடுத்துக்கொண்டு போனது, மேனேஜரின் கட்டளையை வெளியாட்களுக்கு முன்னால் மீறியது, இந்த இரண்டுதான் குற்றம். சேகரிடம் மன்னிப்புக் கேட்டால் இதோடு விட்டுவிடுகிறோம் என்றார்கள். சேகர் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தார். நான் மன்னிப்புக் கேட்கவில்லை. என்னை ஸ்டோருக்கு மாற்றினார்கள். பணி ஓய்வு வரைக்கும் மண்வெட்டியும் பூட்ஸும் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். யாராவது வந்து வருத்தப்பட்டால், எனக்கு வருத்தமில்லை, வேலையைப் பாருங்கள் என்று அனுப்பிவிடுவேன். பொய் சொல்லவில்லை. பறக்க விடுவது எனக்கு உயிர்தான். ஆனால் அன்றைக்கு ஏற்றியிருந்தால், அதற்குப் பிறகு அந்தக் கட்டுப்பாட்டுப் பெட்டியைக் கையில் பிடிக்க எனக்கு மனசு வந்திருக்காது.

உங்களிடமும் வந்து கேட்பார்கள். கேட்கிறவர்கள் எப்போதும் கெட்டவர்களாக இருக்க மாட்டார்கள், அதுதான் கஷ்டம். அழுதுகொண்டு கேட்பார்கள், உங்கள் மொழியில் கேட்பார்கள், உங்களைத் தங்கச்சி என்றும் தம்பி என்றும் கூப்பிட்டுக் கேட்பார்கள். சில சமயம் உங்கள் மனசே கேட்கும். மாட்டேன் என்று சொல்லுங்கள். சொல்லிவிட்டுச் சும்மா நிற்காதீர்கள். முடிவெடுக்கக் கூடியவர் யாரோ அவரிடம் நடந்துபோய், உண்மையைச் சொல்லி, வானத்தைக் கேட்டு வாங்குங்கள். வாங்கினால், திருப்பிக் கொடுக்கச் சொன்ன நிமிஷம் திருப்பிக் கொடுங்கள். இதற்காக உங்களை ஸ்டோருக்கு அனுப்பினால் போங்கள். அங்கேயும் வேலை இருக்கிறது.

ஓய்வு பெற்ற பிறகு ஒரு நாள் காளிமுத்து அண்ணனைப் பார்க்கப் போனேன். சிம்பாங் பூலாய்ப் பக்கம் சொந்தக்காரர் நிலத்தில் புதிதாகக் கொட்டாய் போட்டிருந்தார்கள். பாக்கியம் அக்கா என்னை வா என்று சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. டம்ளரில் சூடாகப் பால் கொண்டுவந்து வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தார்.

"மேல வண்டு மாதிரி சத்தம் கேட்டுச்சு," என்றார் காளிமுத்து அண்ணன். "கைய தூக்குனேன். கொஞ்ச நேரத்துல அது போயிருச்சு. பாத்துட்டு விட்டுட்டுப் போறாங்கன்னு நெனச்சேன்."

"விட்டுட்டுத்தான் போனேன் அண்ணே," என்றேன்.

"அது போன பெறகுதானே தண்ணி வந்துச்சு," என்றார் அண்ணன்.

பாக்கியம் அக்கா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "எனக்கு இன்னும் ஆறல தங்கச்சி," என்றார். "அந்த ஸ்க்ரீன்ல அவரு இல்லாம போனது எனக்கு இன்னும் ஆறல."

"ஆற வேணாம் அக்கா," என்றேன். "இன்னொரு தடவ வந்தாலும் எறக்கத்தான் செய்வேன்."

அவர் எழுந்து உள்ளே போனார். திரும்பி வந்து, பாதி குடித்திருந்த என் டம்ளரில் பாலை விளிம்பு வரைக்கும் ஊற்றினார்.